கீழே நின்று கை காட்டுபவர்

மனித குலத்தில் ஓர் இனம் உண்டு. அதற்கென்று தனியாக வேலை எதுவும் கிடையாது. ஆனால் வேலை நடக்கிற இடமெல்லாம் அதற்குச் சொந்தம். தெருவில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டினால் பள்ளத்தின் விளிம்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர், பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்தால் யாரும் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, ‘வா, வா, வா, ஒடி, ஒடி, ஃபுல்லா ஒடி’ என்று சொல்லி, சுவரில் இடித்த சத்தம் கேட்ட பிறகு ‘ஸ்டாப்’ என்பவர், மாடிக்கு பீரோ ஏற்றும் நான்கு பேருக்கு மூச்சுத் திணறும்போது ஐந்தாவதாகப் படிக்கட்டின் அடியில் நின்று மூச்சுத் திணறாமல் யோசனை சொல்பவர், இவர்தான். பீரோவைத் தொடுவாரா? மாட்டார். தொட்டால் தொழில் கெட்டுவிடும்.

இவருக்கு ‘கீழே நின்று கை காட்டுபவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் இருக்கிறார். ஆவடியில் இருக்கிறார். கொரட்டூரில் ஏரிக்கரைப் பக்கம் போர்வெல் போட்டால் தண்ணீர் வருவதற்கு முன்னால் இவர் வந்துவிடுவார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். முகம் வானத்தைப் பார்த்திருக்கும். வாய் கால்வாசி திறந்திருக்கும். வலது கை தோளுக்கு மேலே எழும்பி, இரண்டு விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். எவ்வளவு கொஞ்சம்? அதை இதுவரை எந்த டேப்பாலும் அளக்க முடிந்ததில்லை. வேலை கெட்டுப்போனால், ‘அப்பவே சொன்னேன்’ என்பார். நன்றாக முடிந்தாலும் அதையேதான் சொல்வார்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நம்ப மாட்டீர்கள். ஆளைக் காட்டுகிறேன். பெயர் ஜெயபால். அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆகி, நசரத்பேட்டையில் வீடு கட்டிக் குடிவந்தவர். ஷெட்டில் மின்சார ரயிலைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் தாம்தான் கை காட்டியதாக அவர் சொல்வார். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சகாயமேரி சொல்வார். எது உண்மை என்று நான் விசாரிக்கவில்லை. ரயில்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதால் சகாயமேரி சொல்வதைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் புனித லாரன்ஸ் கோயில். ரொம்பப் பழைய கோயில். முகப்பு முழுக்கக் கருங்கல்; இரண்டு பக்கமும் தடித்த தூண்கள், தூணின் தலையில் செதுக்கிய இலைகள், அதற்கு மேலே வாசலைத் தழுவினாற்போல் ஒரு கல் வளைவு. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஏதோ ஒரு தலைமுறை, கல்லின் மேல் சிமெண்டைப் பூசி, சிமெண்டின் மேல் கிரீம் கலர் பெயிண்ட்டும் அடித்துவிட்டது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே குடித்தனம் பண்ணியது. இடுக்கில் அரசமரக் கன்று முளைத்தது. பக்கத்து ஹைவேயில் பெங்களூர் லாரிகள் போகப் போக வளைவு ஆடி, உச்சியில் ஆப்பு மாதிரி இறங்கி மற்ற கற்களைப் பிடித்துக்கொண்டிருந்த நடுக்கல் நழுவித் தொங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நுழைகையில் வளைவுக் காரை உதிர்ந்து பங்குச் சாமியார் ஃபாதர் ஜாக்சனின் தலையில் விழுந்த பிறகு, பழுது பார்ப்பது என்று முடிவாகிவிட்டது.

பழைய கட்டடங்களைச் சீர் செய்வதற்கென்றே படித்த காவ்யா என்ற பெண் வந்தார். கல் வேலைக்கு மேஸ்திரி கோதண்டம் வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், குடும்பத்து நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது, கையில் வேலையும் மூக்கின் மேல் கோபமும் மிச்சம். சிமெண்டைச் சுரண்டி எடுத்து, வளைவுக் கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, மரத்தால் அச்சு செய்து நிறுத்தி, அதன் மேல் சுண்ணாம்புக் கலவை வைத்துக் கற்களைப் பழையபடியே அடுக்கி, கடைசியில் நடுக்கல்லை இறக்கிவிட்டால் வளைவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். திறந்து கிடக்கும் சுவருக்குள் ஒரு மழைக்காலத்துத் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டால் தூண்களையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியதுதான் என்று காவ்யா சொல்லியிருந்தார்.

ஜெயபாலுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. மகள் ஷாரனுக்கு ஜனவரியில் கல்யாணம். இந்த வாசல் வழியாகத்தான் அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தவறினால் பின்னாலிருக்கும் தகர ஷெட்டில்தான் கல்யாணம்.

இவ்வளவு அக்கறை உள்ள மனிதர் என்ன செய்வார்? சாரம் கட்டிய அன்றே வந்துவிட்டார்.

தகர ஷெட்டில் காலைப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். இவர் மட்டும் ஷெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போடுவார். உட்கார மாட்டார். நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையை மேலே தூக்குவார். அன்றைய நிகழ்ச்சி தொடங்கும்.

“மேஸ்திரி, அந்தக் கல்லு சாஞ்சிருக்கு பாரு.”

“எந்தக் கல்லு சார்?”

“அதோ, ஓரமா, வெள்ளையா.”

“அது கல்லு இல்ல சார். என் டிபன் பாக்ஸு.”

வேறு யாராவது இருந்தால் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜெயபால், “அதான் கேட்டேன், டிபன் பாக்ஸை அங்க வெச்சா தட்டிவிட்டுடப் போற” என்று அதையும் ஒரு யோசனையாக மாற்றிவிட்டார். இந்த இனத்தின் பலமே அதுதான். தோல்வி என்ற ஒன்றே அதற்குத் தெரியாது.

சுண்ணாம்பு அரைத்தால், ‘தண்ணி ஜாஸ்தி’. காவ்யா வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்றால், ‘இப்ப சரியாயிடுச்சி’. கல்லைத் திருப்பினால், ‘அந்தப் பக்கம் திருப்பு’. அந்தப் பக்கம் திருப்பினால், ‘முன்ன இருந்ததே தேவலாம்’. வெளிநாட்டில் எல்லாம் கல்லைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள் என்று செல்போனில் வீடியோ காட்டினார். கோதண்டம் சாரத்தின் மேலிருந்தபடியே, “அப்ப அவங்களையே இட்டாந்து ஒட்டிக்கோ சார்” என்றார். காவ்யா நல்ல பெண். ஒவ்வொரு முறையும், “பாக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பார்க்கமாட்டார்.

இப்படியே போயிருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. நடுக்கல்லை ஏற்றுகிற நாள் வந்தது.

பெரிய கல். இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் அசையாது. பளு தூக்கும் செயின் பிளாக் கட்டி, சங்கிலியைக் கீழிருந்து இழுக்க பிரசன்னா என்ற வாட்டசாட்டமான ஆளை நிறுத்தியிருந்தார்கள். கோதண்டம் வளைவின் உச்சியருகே உட்கார்ந்திருக்க, அவர் சொல்லச் சொல்ல பிரசன்னா ஏற்றவோ இறக்கவோ வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஜெயபாலுக்கு இடமில்லை என்பதை யாரும் ஜெயபாலிடம் சொல்லவில்லை. அவர் நாற்காலியை விட்டு நகர்ந்து பிரசன்னாவின் காதோரமாக வந்து நின்றார்.

கல் ஏறியது. வளைவின் மட்டத்துக்கு வந்தது.

“நிறுத்து. மெதுவா எறக்கு” என்றார் கோதண்டம் மேலிருந்து.

“இன்னும் கொஞ்சம் ஏத்து, இன்னும் கொஞ்சம், ஏத்து, ஏத்து” என்றார் ஜெயபால் கீழிருந்து.

மேலே இருக்கும் குரல் லாரி சத்தத்தில் பாதி கரைந்துவிடும். காதோரத்துக் குரல் நேரே மண்டைக்குள் போகும். பிரசன்னா ஏற்றினான். கல் சாரத்துக் குழாயில் முட்டியது. முட்டிய வேகத்தில் திரும்பிச் சுழன்று, இடது பக்கத் தூணின் தலையில் போய் மோதியது.

டங்.

தூணின் தலையிலிருந்த கல் இலை ஒன்று உடைந்து கீழே மணலில் விழுந்தது.

எத்தனையோ தலைமுறை மழைக்கும் வெயிலுக்கும், பெயிண்ட்டுக்கும்கூட அசையாமலிருந்த இலை. ஜெயபாலின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

கோதண்டம் கல்லைப் பத்திரமாகத் தரையில் இறக்க வைத்தார். பிறகு தானும் இறங்கி வந்தார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கத்தவில்லை. ஃபாதரிடம் போனார்.

“ஃபாதர், இந்தக் கல்லு என் தலையில மோதியிருந்தா நீங்க இன்னிக்கி எனக்குப் பூசை வெச்சிகினு இருப்பீங்க. எனுக்கும் ஊடு கீது, பொஞ்சாதி கீறா. ஒரு எடத்துல ஒரு மேஸ்திரி போதும். அது அவருன்னா நான் கெளம்பறேன்.”

கிளம்பியும் விட்டார். ஆட்களும் பின்னாலேயே போனார்கள். கிழக்கே பூந்தமல்லிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காவ்யா, திறந்து கிடந்த வளைவின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சகாயமேரி காத்திருந்தார். செய்தி ஜெயபாலுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

“இன்னாங்க, உங்கள அங்க யாரு கூப்ட்டா? சாமியார் கூப்ட்டாரா, அந்தப் பொண்ணு கூப்ட்டுச்சா?”

ஜெயபால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

ஷாரன் திட்டவில்லை. “அப்பா, நீங்க அங்க போகாம இருந்தா என்னப்பா ஆகும்?” என்று மட்டும் கேட்டாள்.

“போகாம, வீட்லயே இருந்து என்னம்மா பண்றது?” என்றார் ஜெயபால்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அன்று பொழுது சாயும்முன் அவர் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், சாரத்துக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலைச் சலித்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் அவர் கையால் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலை கிடைத்தது. கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்துக்குச் சாமான்களை எடுத்துப்போகக் கோதண்டம் வந்திருந்தார். ஃபாதரும் காவ்யாவும் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஜெயபால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய்க் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார்.

“மேஸ்திரி, தப்பு என்னுதுதான். மன்னிச்சிக்கோ. எலை கிடைச்சிடுச்சி.”

எவ்வளவு அழகான மன்னிப்பு! இதோடு நிறுத்தியிருந்தால் கோதண்டம் அங்கேயே கரைந்திருப்பார். கையில் இலையை வாங்கக்கூடச் செய்தார். ஆனால் சுபாவம் என்று ஒன்று இருக்கிறதே.

“ஆனா ஒண்ணு மேஸ்திரி, அந்த வளைவே ஒரு நூல் அளவு லெஃப்ட்லதான் போவுது.”

சகாயமேரி தலையில் அடித்துக்கொண்டார். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்றுதான் நினைக்கிறேன். கோதண்டம் இலையைக் காவ்யாவிடம் கொடுத்துவிட்டு ஜெயபால் பக்கம் திரும்பினார்.

“சார், கீழேர்ந்து பாத்தா எல்லாம் அப்பிடித்தான் தெரியும். மேல ஏறிப் பாரு. பாத்துட்டு சொல்லு. நீ சொல்ற மாரியே வெக்கறேன்.”

பூசைக்கு வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இப்போது எப்படி மறுக்க முடியும்? காவ்யா வேண்டாமென்று தடுத்துப் பார்த்தார். முடியாமல் தலையில் ஹெல்மெட்டையும் இடுப்பில் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். ஜெயபால் சாரத்து ஏணியில் கால் வைத்தார்.

முதல் தளம் வரை கம்பீரமாகப் போனார். மகளைப் பார்த்துக் கைகூட ஆட்டினார். இரண்டாவது தளத்துக்குப் போகும் வழியில் கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. சாரத்துக் குழாயைப் பிள்ளையைக் கட்டிக்கொள்வதுபோல் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மேலே போகவும் முடியவில்லை. கீழே வரவும் முடியவில்லை.

இப்போது நடந்ததைக் கவனியுங்கள். கீழே நின்ற அத்தனை பேரின் முகமும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அத்தனை வாயும் கால்வாசி திறந்தது. அத்தனை வலது கையும் தோளுக்கு மேலே எழுந்தது.

“லெஃப்ட் காலை கீழ வை!” என்றார் ஜெயபாலின் எதிர்வீட்டு ரகுநாதன். அவர் பூசைக்கே வந்தவரல்லர். பால் வாங்கிக்கொண்டு போகும் வழியில் சத்தம் கேட்டு நின்றவர்.

“லெஃப்ட் இல்ல, ரைட்டு, ரைட்டு!” என்றார் இன்னொருவர்.

“யார் ரைட்டு? அவர் ரைட்டா, நம்ம ரைட்டா?”

“கையை விடுங்க சார், கையை விட்டாத்தான் கால் வரும்!”

“இன்னாங்க, கையை உட்றாதீங்க!” என்று அலறினார் சகாயமேரி. அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. “இன்னும் கொஞ்சம் கீழ! இன்னும் கொஞ்சம்!”

ஜெயபால் இடது காலை ஓர் அங்குலம் எடுத்தார். வைத்தார். வலது காலை எடுத்தார். அதையும் வைத்தார். பிறகு கண்ணை மூடியபடியே, கோயில் மணி அதிர்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார்.

“எல்லாரும் வாயை மூடுங்க! யாராவது ஒரே ஒருத்தர் சொல்லுங்கப்பா!”

எந்த வாயிலிருந்து என்ன வாக்கியம்! கோதண்டம் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சிரித்துக்கொண்டே ஏறினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜெயபாலுக்குக் கீழே நின்று அவருடைய கணுக்காலைப் பிடித்து, ஏணிப் படியில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த காலைப் பிடித்தார். வைத்தார். அப்படியே ஒவ்வொரு படியாகத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஜெயபால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தார். ஷாரன் தண்ணீர் கொடுத்தாள். கோதண்டம் தன் சாமான் பையை எடுத்து மறுபடியும் சாரத்தில் மாட்டினார்.

“நாளிக்கி வரேன் ஃபாதர்.”

“கோபம் போயிடுச்சா மேஸ்திரி?” என்றார் ஃபாதர்.

“போவல. ஆனா மனுசன் ஏறிட்டாரு இல்ல? அந்த பயத்தோட நானா இருந்தா ஏறியிருக்க மாட்டேன்.”

மறுநாள் காவ்யா ஜெயபாலைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், ஒரு பெரிய உதவி. இன்னிக்கு வேடிக்கை பாக்க ஊரே வரும். மேஸ்திரி குரல் தவிர வேற ஒரு குரலும் வரக்கூடாது. அது உங்களாலதான் முடியும்.” சும்மா சமாதானத்துக்குச் சொன்னதல்ல. நேற்றுக் கூட்டத்தை அவரும் பார்த்திருந்தார்.

ஜெயபால் ஹெல்மெட்டோடு போய்க் கேட்டில் நின்றார். ரகுநாதன் வந்தார். மேலே பார்த்தார். அவர் கை எழும்பத் தொடங்கியது.

“இன்னும் கொஞ்...”

“உஷ்! கையைக் கீழ போடுங்க ரகுநாதன் சார். மேஸ்திரி ஒருத்தர்தான் பேசணும்.”

இந்த இனத்தைச் சேர்ந்தவரைத்தான் இந்த இனத்துக்குக் காவல் போட வேண்டும். வேறு யாருக்கு முன்கூட்டியே தெரியும், எந்தக் கை எப்போது எழும்பும் என்று? அன்று அந்த வளாகத்தில் சங்கிலி ஓடுகிற சத்தமும், கோதண்டத்தின் “எறக்கு... நிறுத்து... எறக்கு” என்ற குரலும் தவிர வேறு சத்தமில்லை. நடுக்கல் இறங்கியது. இரண்டு பக்கத்துக் கற்களுக்கும் நடுவே சுண்ணாம்பு பிதுங்க, போய் உட்கார்ந்தது. கோதண்டம் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். காவ்யா பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜெயபால் தட்டவில்லை. இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் துடித்தது. பல்வலிக்காரர் மாதிரி இருந்தது முகம். கோதண்டம் அதை மேலிருந்து பார்த்துவிட்டார்.

“இன்னா சார்? சொல்லு.”

“ஒண்ணும் இல்ல மேஸ்திரி.”

“அட, சொல்லு சார்.”

ஜெயபால் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தாங்க முடியவில்லை.

“ஒரு நூல்... லெஃப்ட்ல...”

கோதண்டம் மரச் சுத்தியலை எடுத்தார். கல்லுக்கு மேலே ஓங்கினார். காவ்யா பதறிப்போய் வாயைத் திறந்தார். சுத்தியல் இறங்கியது. கல்லின் மேல் அல்ல. பக்கத்தில் கிடந்த சாரப் பலகையின் மேல்.

டொக்.

“இப்ப?”

ஜெயபால் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஆங்! இப்ப கரெக்டு.”

மழை இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. வளைவு ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை. உடைந்த இலையைக் காவ்யா உள்ளே ஊசிக் கம்பி வைத்துப் பொருத்திவிட்டார். உற்றுப் பார்த்தால் கோடு தெரியும். ஜனவரியில் ஷாரன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசல் வழியாக உள்ளே போனாள். அவள் தன் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டு வர, ஜெயபால் மேலே வளைவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆக, நல்லபடியாகவே முடிந்தது. ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ஃபாதர் முதல் நாளே கேட்டைப் பூட்டியிருக்கலாமே என்று தோன்றியதா? செயினைப் பிரசன்னாவிடம் கொடுக்காமல் வேறு மாதிரி கட்டியிருக்கலாம் என்று? கதையையே நடுக்கல்லிலிருந்து ஆரம்பித்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்று? தோன்றியிருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ‘நான் அப்படிப்பட்ட ஆளா’ என்று. கேட்டதும் அவர்கள் பதில் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், மேற்கொண்டு கேட்காதீர்கள்.